சொகுசுக் கார்: வன்னி வீதியில் எதற்குப் பெறுமதி?

இலங்கையில் ஒரு காருக்குக் கேட்கப்படும் விலையை வைத்து அந்தக் காரின் தரத்தைச் சொல்ல முடியாது. சொகுசுக் கார் வாங்க நினைக்கிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். டொயோட்டா பிரீமியோவை எடுத்துக்கொள்ளுங்கள். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு வீட்டுப் போர்ட்டிக்கோவில் பிரீமியோ நின்றால் அது வசதியான வீடு என்று ஊர் எடுத்துக்கொள்ளும். ஜப்பானில் அது ஆரவாரமில்லாத ஒரு குடும்பக் கார். 2001 டிசெம்பரில் வந்தது, 2021 மார்ச்சில் உற்பத்தி நின்றது. அகலம் 1695 மில்லிமீற்றர். 1700ஐத் தாண்டினால் ஜப்பானில் அது பெரிய கார் வகுப்புக்குப் போய்விடும் என்பதால், அதற்குள் அடங்கும்படி அளந்து செய்த உடல். அதன் 1.5 லீற்றர் இயந்திரம் விட்ஸிலும் புரோபொக்ஸிலும் ஓடிய அதே குடும்பத்து இயந்திரம். அந்தக் காரை நம் ஊரில் சொகுசு வரிசையில் ஏற்றி வைத்தது நம் சுங்கத்தின் வரி அட்டவணை. நீங்கள் எண்ணிக் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு தகட்டுக்கோ தோலுக்கோ இயந்திரத்துக்கோ போவதில்லை, வரிக்குப் போகிறது. ஆகவே 'இவ்வளவு விலை என்றால் இவ்வளவு நல்ல கார்' என்ற கணக்கை விட்டுவிட்டு, இந்தக் கார் நான் ஓடும் வீதியில் எனக்கு என்ன தரும் என்று கேட்டால்தான் பெறுமதி பிடிபடும்.

வரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எந்த மாடல் ஏன் நம்மிடம் வருகிறது என்பதும் விளங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 அன்றுதான் மீண்டும் திறந்தது. பெற்றோல் கார்களின் உற்பத்தி வரி இயந்திரக் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கொள்ளளவு ஏற ஏற ஒரு சீசீக்கான வீதமும் படிப்படியாக ஏறும். அதற்கு மேல் சொகுசு வரி. 2025இல் வந்த ஏற்பாட்டின்படி கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த இறக்குமதி விலை பெற்றோல் காருக்கு 50 இலட்சத்தையும், பெற்றோல் ஹைபிரிட்டுக்கு 55 இலட்சத்தையும், மின்சாரக் காருக்கு 60 இலட்சத்தையும் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முறையே 100, 80, 60 சதவீதம். ஒரே 70 இலட்சம் ரூபாய்க் காரை மூன்று விதமாகக் கொண்டுவந்தால் சொகுசு வரி மட்டும் 20 இலட்சம், 12 இலட்சம், 6 இலட்சம் என்று பிரிகிறது. இத்தனைக்கும் மேலே 18 சதவீத வற் வரி. அது உற்பத்தி வரி போன்றவற்றையும் உள்ளடக்கிய தொகையில் விழும். இந்த வீதங்கள் வர்த்தமானியில் மாறக்கூடியவை, வாங்கும் நாளில் உள்ளதைப் பாருங்கள். ஆனால் அதன் போக்கு பல வருடங்களாக ஒன்றுதான்: சிறிய இயந்திரத்துக்குச் சலுகை.

விளைவு என்ன? 2020க்கு முந்திய சில வருடங்களில் நம் நாட்டுக்கு வந்த சொகுசுப் பெயர்களைப் பாருங்கள். அவுடி ஏ3, கியூ2 ஆகியவை 999 சீசீயில் வந்தன. பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 மூன்று சிலிண்டர் 1499 சீசீயில் வந்தது. ஹொண்டா சிவிக் 988 சீசீ டர்போவில் வந்து தெருவெங்கும் ஓடியது. அந்தந்தக் கொம்பனி தன் வரிசையின் அடியில் வைத்திருந்த இயந்திரம், இங்கே அந்தப் பெயரின் முகமாகிவிட்டது. இவை கெட்ட கார்கள் என்று சொல்லவில்லை. சிவிக்கின் அந்தச் சிறிய டர்போ நல்ல இயந்திரம். ஆனால் முன்பக்க வளையங்களையோ நட்சத்திரத்தையோ பார்த்து அதே பெயரின் உயர்ந்த மாடலின் குணத்தையும் சேர்த்து விலை கொடுப்பது தவறு. பெயருக்குள் வரிசை உண்டு, வரிசைக்குள் தலைமுறை உண்டு, தலைமுறைக்குள் கிரேட் உண்டு. பென்ஸ் சி கிளாஸ் என்று சொன்னால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். 2007இல் வந்த டபிள்யூ204ஆ, 2014இல் வந்த டபிள்யூ205ஆ, சாதாரண ஸ்பிரிங்கா காற்றுத் தொங்கலா, எத்தனை அங்குல ரிம் என்று சொன்னால்தான் அது வன்னிக்கு ஏற்றதா இல்லையா என்று பேசத் தொடங்கலாம்.

இந்த மண்ணில் கார் ஓட்டிய அனுபவம் ஒரு பழைய அளவுகோலை விட்டுச் சென்றிருக்கிறது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றின் 1959ஆம் ஆண்டு மாடல்களை வரைந்தவர் இத்தாலியின் பினின்ஃபரினா. பின்புறம் இறக்கை போல எழும் அந்தக் கார்கள் ஒரு காலத்தில் வடக்கில் மதிப்புள்ளவர் வீட்டுக் கார்கள். 1990களில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையானபோது, அவை கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த இயந்திரம், திறந்து துடைத்துப் பூட்டக்கூடிய கார்புரேட்டர், கடைசல் பட்டறையில் செய்து போடக்கூடிய பாகங்கள், இவைதான் அவற்றைக் காப்பாற்றின. அந்த இயந்திரத்தின் கொள்ளளவு 1489 சீசீ. அரை நூற்றாண்டு கழித்து நம்மவர்கள் தேடிப் பிடித்த பிரீமியோ 1496 சீசீ. இது தற்செயல்தான் என்றாலும், இரண்டையும் இங்கே நிலைக்க வைத்த காரணம் ஒன்று: ஊர்க் கராஜில் உயிர்ப்பிக்க முடியும். இடையில் பஜரோ வந்தது. போர்க்காலத்தில் அது வந்தால் அதிகாரம் வருகிறது என்று வீதி விலகி நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லாண்ட் குரூசர்கள் வந்தன. உயரம், தடித்த டயர், தனிச் சட்டகம் என்று அந்த இரண்டும் வன்னிக்குப் பொருந்தக் காரணம் இருந்தது. இன்று 'பெரிய ஜீப்' என்ற ஆசை மட்டும் மிஞ்சி, அந்தக் காரணங்கள் பலருக்கு மறந்துபோய்விட்டன. இப்போது வரும் பல ஜீப் வடிவக் கார்கள் உள்ளே சாதாரண முன்சில்லுக் கார்கள்தான்.

இனி டயரைக் கிட்டப் பார்ப்போம். வடிவமைப்பின் அழகுக்கும் நம் வீதிக்கும் சண்டை வரும் முதல் இடம் அதுதான். பிரீமியோவின் டயர்ச் சுவரில் 185/65 ஆர்15 என்று இருக்கும். 185 என்பது மில்லிமீற்றரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. பெருக்கினால் 120 மில்லிமீற்றர். ஸ்போர்ட் பாணியில் அலங்கரித்த சி கிளாஸ் டபிள்யூ205இன் பின்டயர் 245/40 ஆர்18. அதன் பக்கச் சுவர் 98 மில்லிமீற்றர்தான். கிறவல் பாதையில் கிளம்பி நிற்கும் கல்லுக்கும் அலோய் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் காற்று மெத்தை அவ்வளவே. ஏ9 நெடுஞ்சாலையில் அது ஒன்றும் செய்யாது. நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ உள்வீதிக்கு இறங்கி, மழை அரித்த மதகு விளிம்பில் ஒருமுறை இடித்தால் டயர் பக்கவாட்டில் வீங்கும், ரிம் வளையும். பக்கச் சுவர் வெட்டுப்பட்ட டயரை ஒட்டிப் பாவிக்கக் கூடாது. அந்தக் காரில் முன்டயர் 225/45, பின்டயர் 245/40. முன்னதைப் பின்னுக்கு மாற்றவும் முடியாது. பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே இல்லை. காற்றுப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடக்கூடிய ரன்ஃபிளட் டயரை நம்பி அதை விட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் அந்த 80 கிலோமீற்றருக்குள் டயர்க் கடை வந்துவிடும். முல்லைத்தீவில் இருந்து அந்தத் தூரம் ஓடி எங்கே போய்ச் சேர்வீர்கள், அந்த அளவு டயர் அங்கே இருக்குமா என்று வாங்குமுன் கேட்டுவைக்க வேண்டும்.

தரையை உரசும்படி இறக்கிய முன் பம்பர் குளக்கட்டு ஏறும்போது முதலில் தட்டும். கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட கார் குளிர்நாட்டு வெளிச்சத்துக்காகச் செய்தது. ஏப்ரல் வெயிலில் பரந்தன் சந்தியில் ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டு ஏறினால், ஏசி பாதி வழி வரைக்கும் அந்தக் கூரையோடு போராடும். வெளிர் நிறத் தோலிருக்கை செம்புழுதிக்கு ஒரு வருடம் தாங்காது. ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பல டொயோட்டாக்களில் பின்னிருக்கையின் பக்கத்தில் உள்ள சிறிய சல்லடை வழியாகத்தான் போகிறது. புழுதி அதை அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். சேர்விஸுக்கு விடும்போதெல்லாம் அதைக் கழற்றித் துடைக்கச் சொல்வது செலவில்லாத வேலை. வயல் ஓரத்து வீடுகளில் அறுவடை முடிந்ததும் எலி பொனெட்டுக்குள் குடியேறும். வயர் அதிகமுள்ள காரில் அது கடிப்பதற்கும் அதிகம். புதிய பிராடோவின் 2.8 டீசலில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடி இருக்கிறது. அது எரிய நீண்ட ஓட்டம் வேண்டும், கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். கிளிநொச்சி நகரத்துக்கும் கரடிப்போக்குச் சந்திக்கும் இடையில் மட்டும் ஓடும் பிராடோவுக்கு அந்த வடி அடைபடுவதில் வியப்பில்லை. 2007 முதல் 2014 வரை வந்த பி.எம்.டபிள்யூ 520டியின் டைமிங் செயின் இயந்திரத்தின் பின்பக்கம், கியர்ப்பெட்டியை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்த சத்தம் கேட்டால் பாகத்தின் விலையை விடக் கழற்றிப் பூட்டும் கூலி பெரிது, அதைச் செய்யப் பழகிய கை பெரும்பாலும் கொழும்பில்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது பாதுகாப்பு. ஐரோப்பியச் சொகுசுக் காரின் உடல் உறுதியானது, எயார்பாக் கூட, பிரேக் நம்பிக்கையானது, அதற்கு விலை கொடுக்கலாமே என்பார்கள். இதை நான் மறுக்கவில்லை. இரவில் ஏ9இல் மாடு குறுக்கே வருவதும், ஒட்டுசுட்டான் பக்கம் யானை நிற்பதும், உழவு இயந்திரம் பின்விளக்கில்லாமல் போவதும் இங்கே வழமை. கிழமைக்கு ஒருமுறை கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு 330 கிலோமீற்றரும் திரும்பி அவ்வளவும் ஓடுகிறவருக்கு நல்ல இருக்கை, நல்ல முன்விளக்கு, வழுக்காமல் பிடிக்கும் பிரேக் எல்லாம் உயிர்க்காவல். அவருக்கு ஒரு நல்ல பென்ஸ் ஈ கிளாஸ் பெறுமதியே. ஆனால் இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 2015க்குப் பிறகு ஜப்பானியக் கார்களிலும் தானாகப் பிரேக் பிடிக்கும் கமரா, ரேடார் முறைகள் படிப்படியாக வந்துவிட்டன. 2016இல் மெருகேற்றிய பிரீமியோவிலும் அது உண்டு. மற்றது, அவற்றோடு சேர்ந்து வரும், கோட்டை விட்டு விலகாமல் காக்கும் முறைகள் வீதியில் வெள்ளைக் கோடு இருந்தால்தான் வேலை செய்யும். உள்வீதியில் அவை வெறும் எச்சரிக்கை விளக்குகள். பாதுகாப்புக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வருடத்தையும் கிரேட்டையும் பார்த்து வாங்குங்கள்; முகப்பில் உள்ள சின்னம் அதற்குச் சாட்சியல்ல.

இரண்டாவது எதிர்வாதம் கௌரவம். இதை அற்பமாகப் பேசுவது வன்னியில் அநியாயம். 2009இல் உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள் என்று ஆயுளில் சேர்த்த எல்லாவற்றையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வட்டுவாகல் பாலம் கடந்து வந்த சமூகம் இது. அப்படி வந்த ஒருவர் பதினைந்து வருடம் உழைத்து வீட்டுவாசலில் ஒரு நல்ல கார் நிறுத்த ஆசைப்பட்டால் அது வெறும் பகட்டில்லை. மகளின் கலியாணத்துக்கு நல்ல காரில் போய் இறங்குவதும் அந்த ஆசையின் ஒரு பகுதிதான். நான் சொல்வதெல்லாம், அந்தக் கௌரவம் எத்தனை நாள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கலியாணத்துக்கு ஒரு நாள் என்றால் பென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். தினமும் வேண்டும் என்றால் தினமும் ஓடக்கூடிய கார் வேண்டும். காற்றுத் தொங்கலின் ரப்பர்ப் பை வெடித்து ஒரு பக்கம் தாழ்ந்து, பாகம் வரும் வரை மாதக்கணக்கில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கும் பென்ஸ் எந்த வீட்டுக்கும் கௌரவம் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, 'வாகனம் காணி மாதிரி, விலை குறையாது' என்பது. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. இறக்குமதி நின்ற ஐந்து வருடத்தில் பாவித்த காரின் விலை ஏறியது. 2022இல் ரூபாயும் சரிந்ததால் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்கள் ஏராளம். அந்த ஐந்து வருடம் ஒரு அணைக்கட்டுக் காலம். வரத்து அடைக்கப்பட்டதால் நீர்மட்டம் ஏறியது. 2025இல் கதவு திறந்த பிறகு அதே கணக்கில் கடன் எடுத்துக் கார் வாங்குவது ஆபத்து. லீசிங் வட்டி மாதா மாதம் ஓடும், காரின் விலை அதற்குச் சமமாக ஏறும் என்று எவரும் உறுதி தர முடியாது. விலை பிடித்து நிற்பதிலும் எல்லாக் காரும் ஒன்றல்ல. டொயோட்டாவின் பிரீமியோ, அலியன், பிராடோ போன்றவற்றை வாங்க ஊரிலேயே ஆள் உண்டு. பத்து வருடம் ஓடிய ஐரோப்பியச் சொகுசுக் காரை விற்க, அதன் பழுதுகளை அறிந்த ஒருவரைத்தான் தேட வேண்டும், அவர் விலையைக் குறைத்தே கேட்பார். அதே 2022 இன்னொன்றையும் காட்டியது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்த ஓகஸ்டில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் 2.7 பிராடோவுக்கு அது 160 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்குப் போய்த் திரும்பினால் அந்தக் கிழமை முடிந்தது. 18 ஓடும் ஹொண்டா வெசல் ஹைபிரிட்டுக்கு அதே 20 லீற்றர் 360 கிலோமீற்றர்.

வெளிநாட்டு உறவுகள் அடிக்கடி சொல்லும் ஒன்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். ஜேர்மனியில் ஏழு வயதுப் பென்ஸ் மிக மலிவு, அனுப்பி வைக்கிறேன் என்பார்கள். கார் மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்ற விதியும், வலப்பக்க ஸ்டியரிங்தான் வேண்டும் என்ற விதியும் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், கனடாக் கார்களை அங்கேயே நிறுத்திவிடும். அப்படி வரக்கூடிய லண்டன் காருக்கும் வரி அதே வரிதான்.

மின்சாரக் கார் புதிய சொகுசாக வருகிறது. சொகுசு வரியில் அதற்குச் சலுகை இருப்பதைப் பார்த்தோம். சத்தமில்லை, இழுவை நல்லது, ஓடும் செலவு குறைவு. வெயில் நிறைந்த ஊரில் கூரையில் சூரியத் தகடு உள்ளவருக்கு நல்ல தெரிவு. கணக்கை மட்டும் சரியாகப் போடுங்கள். பி.வை.டி. அட்டோ 3இன் பெரிய பற்றரி 60 கிலோவாட் மணிக்குச் சற்று மேல். ஐரோப்பிய அளவீட்டில் 420 கிலோமீற்றர். ஏசியும் நெடுஞ்சாலை வேகமும் சேர்ந்தால் அது குறையும், கொழும்பு 330 தூரம். வீட்டில் 13 அம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் அளவே எடுக்கலாம், ஆகவே வெறுமையில் இருந்து நிரம்ப 20 மணித்தியாலத்துக்கு மேல். சுவர் சார்ஜர் பூட்டும் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

என் தெரிவைக் கேட்டால், மாவட்டத்துக்குள் ஓடும் குடும்பத்துக்கு 2007இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறைப் பிரீமியோவோ அலியனோ இன்னும் நல்ல சொகுசு. பின்னிருக்கை அகலம், தொங்கல் மெத்தென்றிருக்கும், ஒடுங்கிய பழைய பாலங்களிலும் அகலம் தொந்தரவு தராது. வயலுக்கும் குளத்துக்கும் போக வேண்டியவர் ஹைலக்ஸ் டபள்கப் பார்க்கட்டும், அது சொகுசு இல்லை என்று சொல்பவர் புதிய மாடலில் இருந்து பார்க்கவில்லை. எதை வாங்கினாலும் முற்பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் வயது கூடியவரைக் கூட்டிப் போய்ப் பின்னிருக்கையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குத் தாழ்ந்த ஸ்போர்ட் இருக்கையும் உயர்ந்த ஜீப்பும் ஒரே அளவு கஷ்டம். பிறகு முன் பம்பர், ஒரு பக்க முன்விளக்கு, ஒரு டயர், ஒரு ஷொக், ஏசி கொம்பிரசர் என்ற ஐந்துக்கும் வவுனியாவில் என்ன விலை, வர எத்தனை நாள் என்று இரண்டு கடைகளில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காரின் விலையை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.